இயக்கியின் அரங்கேற்றம்

தோற்றுவாய்

தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் சிவகாசி வட்டாரத்தின் முப்பெருந் தொழில்கள். விஸ்வநத்தத்தில் நின்று எத்திசை நோக்கினும் இம்மூன்றில் ஒன்றேனும் கண்ணிற்படும். இத்தகைய ஊரில், இலக்கியம் பேசுவதற்கென்று கூடும் ஓர் அவையின் பத்தாம் ஆண்டு விழாவில், கணிப்பொறிக்குப் படம்பிடித்துத் தரும் கருவியைப் பற்றி என்ன பேச்சு என்று வினவுவார் உளர். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை கூறிவிட்டே மேற்செல்லுதல் முறை.

1980களிலும் 1990களிலும் தென்மாவட்டக் கோயிற்கொடைகளில் நிகழ்ந்த வில்லுப்பாட்டுகளும், கணியான் கூத்துகளும், பட்டிமன்றங்களும், புலவர் பெருமக்களின் சொற்பொழிவுகளும் ஒளிநாடாக்களில் பதிவாயின. பல இல்லங்களில் திருமண நாடாக்களோடு அவையும் அலமாரியில் உறங்குகின்றன. காந்தப் பூச்சு நாளுக்கு நாள் நலிகிறது. நாடாவை ஓட்டும் பொறியோ கடைகளிற் கிடைப்பதரிது. அந்நாடாவில் உள்ளதைக் கணிப்பொறிக்கு மாற்றினாலன்றி, ஏட்டில் எழுதப்படாத அக்கலைச்செல்வம் ஒரு தலைமுறைக்குள் அழியும். மாற்றுவதற்கு ஒரு படப்பிடிப்புக் கருவி வேண்டும். அக்கருவியைக் கணிப்பொறி அறிந்துகொள்ள ஒரு நிரல் வேண்டும். அந்நிரலின் பெயரே இயக்கி. ஆதலின் இயக்கியின் வரலாறு ஓலைச்சுவடியின் வரலாற்றுக்கு அயலானதன்று.

ஓர் இயக்கி எவ்வாறு எழுதப்படுகிறது, எவ்வாறு அவையேறுகிறது, எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு மறைகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

உட்கருவும் இயக்கியும்

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும், மக்கள் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று யாவற்றையும் ஆள்வது இயக்க அமைப்பு. அதன் நடுவிடத்தைக் கெர்னல் என்பர். தமிழில் உட்கரு எனலாம். பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991இல் இத்தகைய உட்கரு ஒன்றை எழுதி, யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் வெளியிட்டார். லினக்ஸ் எனப் பெயர் பெற்ற அஃது இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமாக உள்ளது. உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. அதன் மூலநிரல் 3 கோடி வரிகளுக்கும் மேற்பட்டது. அவற்றுட் பாதிக்கு மேல் இயக்கிகளே என்பது கருதத்தக்கது.

இயக்கி ஏன் இத்துணைக் கடுமையாக ஆராயப்படுகிறது என்பதைப் பட்டாசு ஆலையின் அமைப்பை அறிந்தோர்க்கு விளக்குதல் எளிது. ஆலையில் அறைகள் தனித்தனியே, இடைவெளி விட்டுக் கட்டப்படுகின்றன. ஓர் அறையில் இத்தனை பேரே இருக்கலாம், இவ்வளவு மருந்தே வைக்கலாம் என்று விதிகள் உள்ளன. ஓர் அறையில் தீங்கு நேரினும் அடுத்த அறை பிழைக்க வேண்டும் என்பதே அவ்விதிகளின் உட்கிடை. கணிப்பொறியிலும் பயன்பாட்டு நிரல்கள் தனித்தனி அறைகளில் இருத்தப்படுகின்றன. ஒன்று பழுதுற்று வீழ்ந்தாலும் மற்றவை நிற்கும். ஆனால் உட்கருவினுள் அத்தகைய சுவர் இல்லை. இயக்கி உட்கருவின் உள்ளேயே இயங்குவது. மருந்து கலக்கும் அறையில் நின்று செய்யும் வேலையை ஒத்தது. நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத ஓரிடத்தில் அஃது ஓர் எண்ணை எழுதிவிட்டால், கணிப்பொறி முழுவதும் நிலைகுலைந்து நின்றுவிடக்கூடும்.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த துயரத்தை இவ்வட்டாரம் மறவாது. உயிரிழப்போடு நிரற்பிழையை ஒப்பிடுதல் தகாது. எனினும், படம்பிடிக்கும் கருவிகள் இன்று மருத்துவமனையின் அறுவை அறையிலும், ஊர்தியின் பின்புறத்திலும், ஆலையின் கண்காணிப்பிலும் பணிபுரிகின்றன. அங்கெல்லாம் இயக்கி பிழைப்பின் விளையும் கேடு திரையளவில் நிற்பதன்று. விதி கடுமையாயிருப்பதன் காரணம் விதியை மீறிய பின்னரே பலர்க்கு விளங்குகிறது. முன்னரே விளங்கிக்கொள்வது அறிவுடைமை.

ஒளி படமாகும் வழி

படப்பிடிப்புக் கருவியின் கண் போன்றது உணரி என்னும் சில்லு. அதன் முகத்தில் இலக்கக் கணக்கான படப்புள்ளிகள் நிரல்பட அமைந்துள்ளன. ஒவ்வொரு புள்ளியின் மீதும் ஒரு வண்ண வடிகட்டி உண்டு. நான்கு புள்ளிகளை ஒரு கட்டமாகக் கொண்டால் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியவை. சிவகாசி அச்சகத்தார் ஒரு நாட்காட்டிப் படத்தை நான்கு வண்ணத் தகடுகளாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு முழுமையாக்குவர். உணரியோ ஒளியை மூன்று வண்ணங்களாகப் பிரித்து வாங்குகிறது. பின்னர்க் கணக்கிட்டு முழுப்படம் ஆக்கப்படுகிறது. அச்சில் தகடுகள் இம்மியளவு விலகினும் படம் மங்குவது போல, எந்தப் புள்ளி எந்த வண்ணத்துக்கு உரியது என்பதை இயக்கி தவறாகக் கூறிவிட்டால் மனித முகம் பச்சையாகத் தோன்றும்.

1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடைய ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள. நொடிக்கு 30 படம் எனின், நொடிதோறும் 6,22,08,000 புள்ளிகளின் அளவீடுகள் உணரியிலிருந்து பாய்ந்து வருகின்றன. இவ்வெள்ளத்தை ஒழுங்குபடுத்துவதே இயக்கியின் கடமை.

அக்கடமை பல கூறுகளை உடையது. முதற்கண் உணரிக்கு வேண்டிய வெவ்வேறு மின்னழுத்தங்களை முறைப்படி அளித்தல் வேண்டும். பின்னர் அதன் துடிப்புக்குரிய கடிகார அலையை ஊட்டுதல் வேண்டும். அதன்பின் மீளமைப்புக் கம்பியை விடுவித்து, உணரி விழித்தெழும் வரை சிறுபொழுது காத்திருத்தல் வேண்டும். அடுத்து, இரண்டே கம்பிகள் கொண்ட மெதுவான ஒரு வழியில் உணரியின் பதிவகங்களில் எண்களை எழுதி, எவ்வளவு வெளிச்சம் ஏற்க வேண்டும், எத்தனை வரி அனுப்ப வேண்டும் என ஆணையிடுதல் வேண்டும். படம் வருவதோ வேறு வழி; அது மிகு விரைவுடைய தனித்தடங்களில் வரும். ஆணை செல்லும் வழியையும் படம் வரும் வழியையும் ஒருங்கே அறிந்து நடத்துவதே இயக்கி.

வந்த படத்தை வாங்கும் முறையும் எளிய தொழிற்கூட முறையே. ஒருவர் வெற்றுத் தட்டுகளை வரிசையில் வைக்கிறார், மற்றொருவர் நிரப்புகிறார், நிரம்பிய தட்டை முதலாமவர் எடுத்து வெறுமையாக்கி மீண்டும் வரிசையில் வைக்கிறார். பயன்பாட்டு நிரல் வெற்று நினைவிடங்களை இயக்கியிடம் கொடுக்கிறது. கருவி அவற்றைப் படத்தால் நிரப்புகிறது. நிரல் அவற்றை எடுத்துப் பயன்படுத்தித் திருப்பித் தருகிறது. வெற்றுத் தட்டு வரிசையில் இல்லாத நொடியில் வரும் படம் வீணாகும். நிரம்பாத தட்டை நிரம்பியதாக எண்ணி எடுத்தால் பாதிப்படம் கிடைக்கும். இவ்வரிசைக் காவல் சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது.

பொது இலக்கணம்

1990களில் தொலைக்காட்சி காட்டும் அட்டைகள் கணிப்பொறியிற் பொருத்தப்பட்டன. புரூக்ட்ரீ நிறுவனத்தின் பிடி848 என்னும் சில்லு அவற்றுட் பலவற்றில் இருந்தது. அதற்கு ரால்ஃப் மெட்ஸ்லர் முதலானோர் இயக்கி எழுதினர். ஆயின் ஒவ்வோர் அட்டையும் ஒவ்வொரு வழக்கில் பேசினால், பயன்பாட்டு நிரல் எழுதுவோர் எத்தனை வழக்குகளைக் கற்பது? வட்டார வழக்குகள் பலவாயினும் எழுத்துக்குப் பொதுநடை ஒன்று வேண்டியிருத்தல் போல, படக்கருவிகளுக்கும் ஒரு பொது இலக்கணம் வேண்டியதாயிற்று. ஆலன் காக்ஸ் என்பார் அதனை வகுத்தார். 1999 சனவரியில் வெளியான லினக்ஸ் 2.2ஆம் பதிப்பில் அஃது இடம்பெற்றிருந்தது.

பயன்படுத்தப் பயன்படுத்த அவ்விலக்கணத்தின் குறைகள் புலப்பட்டன. பில் டர்க்ஸ் என்பார் இரண்டாம் இலக்கணம் ஒன்றை வகுத்தார். அது 2002இல் உட்கருவினுள் ஏற்கப்பட்டது. ஆயினும் முதல் இலக்கணத்தை உடனே தள்ளிவிடவில்லை. அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்களும் இயக்கிகளும் இடம்பெயரக் காலம் கொடுக்கப்பட்டது. 2011இல் வெளியான 2.6.38ஆம் பதிப்பிலேயே பழையது முற்றிலும் நீங்கியது. காலத்துக்கேற்ற மாற்றத்தை மொழிக்குக் குற்றமாகக் கொள்ளாத நன்னூலார், இந்நிதானத்தைக் கண்டிருப்பின் உவந்திருப்பார்.

பொது இலக்கணத்தின் பயனுக்கு ஒரு சான்று போதும். பலவேறு நிறுவனங்கள் செய்யும் சிறு கேமராக்கள் யாவும் ஒரே முறையில் பேச வேண்டும் என்று யுஎஸ்பி அமைப்பினர் ஒரு தரம் வகுத்தனர். லோரான் பின்ஷார் என்பார் அத்தரத்துக்குரிய இயக்கியை 2005 அளவில் எழுதத் தொடங்கினார். உட்கருவுக்கு வெளியே சில ஆண்டுகள் வளர்ந்த அது 2008 சூலையில் வெளியான 2.6.26ஆம் பதிப்பில் அவையேறியது. அன்று முதல், அத்தரத்தைப் பின்பற்றும் எந்தக் கேமராவைச் செருகினாலும் லினக்ஸ் கணிப்பொறி தானே அறிந்துகொள்கிறது. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் முதலிய இந்தியத் தொகுப்புகளைப் பயன்படுத்தும் மாணவர்க்கும் அப்பயன் விலையின்றியே கிட்டியது. எழுதியவர் பெயரை அவர்கள் அறியார். அறியாமலே பயன்கொள்வதுதான் பொதுச்சொத்தின் இயல்பு.

ஒரு தமிழ்ப் பெயர்

உட்கருவின் மூலநிரலில், கேமரா உணரிகளுக்குரிய பகுதியில், சோனி நிறுவனத்தின் ஐஎம்எக்ஸ்290 என்னும் உணரிக்கான கோப்பு ஒன்று உள்ளது. மங்கிய ஒளியிலும் தெளிவாகக் காணவல்ல உணரி அது. அக்கோப்பின் தலைப்பில், 2019 என்னும் ஆண்டோடு, ஜெர்மன் நாட்டு ஃப்ராமோஸ் நிறுவனத்தின் பெயரும் லினாரோ நிறுவனத்தின் பெயரும் உரிமைக்குறிப்பாக உள்ளன. அவற்றின் கீழ் ஆக்கியோன் பெயர் உள்ளது. மணிவண்ணன் சதாசிவம் என்பது அப்பெயர்.

பெயரைக் கண்டு பெருமை கொள்வதோடு நின்றுவிடுதல் எளிது. அவர் செய்ததும் அதன்பின் நிகழ்ந்ததுமே ஈண்டுக் கருதத்தக்கன. அவ்வியக்கி உணரிக்கு மூவகை மின்னழுத்தம் ஊட்டுகிறது. அதன் கடிகாரம் நொடிக்கு 3,71,25,000 முறை துடித்தல் வேண்டும் என்பதைத் தொடக்கத்தில் சரிபார்த்தது. 1920க்கு 1080, 1280க்கு 720 ஆகிய இரு படவளவுகளோடு அது தொடங்கியது. நிரலோடு ஒரு விளக்கக் குறிப்பும் அளிக்கப்பட்டது. இக்கருவிக்கு எத்தகைய மின்னிணைப்புகள் உண்டு, அவற்றை எவ்வாறு குறிப்பிடுதல் வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் ஆவணம் அது. மற்றொரு சிறு திருத்தம் பேணுநர் பட்டியலுக்கு உரியது. இவ்வியக்கியில் குறை நேரின் யாரைக் கேட்பது என்னும் வினாவுக்கு விடை அது.

பின்னர் 2020இல் இரண்டு தடங்களில் மட்டும் படம் அனுப்பும் முறை சேர்க்கப்பட்டது. 2022இல் லோரான் பின்ஷார் இவ்வியக்கியில் பல திருத்தங்களைத் தொடராகச் செய்தார். அடுத்த ஆண்டு ராஸ்ப்பெரி பை நிறுவனத்தைச் சார்ந்த டேவ் ஸ்டீவன்சன் மேலும் செம்மைப்படுத்தினார். ஒருவர் எழுதியதை முன்பின் அறியாதார் பலர் வளர்த்தனர். மூலநூல் ஒன்று, உரையாசிரியர் பலர் என்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் முதலாக உரைகள் தோன்றியமையால் அன்றோ அது பயிலும் நூலாக நிலைத்தது.

அவையும் குற்றமும்

தொல்காப்பியர் தம் நூலை நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேற்றினார் எனப் பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. நூலை எழுதி முடித்தவுடன் நூலாகிவிடவில்லை. கற்றோர் கேட்டனர், வினவினர், ஆசிரியர் ஐயம் அகற்றினார். பின்னரே அது நூலாயிற்று.

உட்கருவின் அவையும் அத்தகையதே. எழுதியவர் தம் நிரலைச் சிறுசிறு திருத்தங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரை எழுதி, யாவரும் காண அனுப்புதல் வேண்டும். அம்முன்னுரை சிறப்புப் பாயிரத்தை நினைவூட்டுவது. ஆக்கியோன் பெயர் உண்டு; பொருள் உண்டு; எல்லை உண்டு; யாருக்காக, என்ன பயன் கருதி என்பதும் உண்டு. என்ன செய்யப்பட்டது என்பதை நிரலே காட்டும். ஏன் செய்யப்பட்டது என்பதை முன்னுரைதான் கூற வேண்டும்.

கேட்போர் அதனை வரிவரியாக ஆராய்வர். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களும் அங்கே வேறு பெயர்களில் எடுத்துரைக்கப்படுகின்றன. மின்சாரம் ஊட்டும்போது தடை நேர்ந்தால் முன்னர் ஊட்டியதை நிறுத்த மறந்திருப்பின் அது குன்றக் கூறல். உட்கருவில் முன்னரே உள்ள செயற்கூறை மீண்டும் எழுதியிருப்பின் கூறியது கூறல். எதற்கும் பயன்படாத வரிகள் மிகைபடக் கூறல். ஆவணம் ஒன்று கூற நிரல் வேறொன்று செய்யின் மாறுகொளக் கூறல். எழுதியவர் திருத்துவார், இரண்டாம் பதிப்பாக அனுப்புவார், மூன்றாம், நான்காம் பதிப்புகளும் இயல்பே. ஆண்ஸ் வெர்குய்ல் என்பார் அமைத்த ஒரு சோதனை நிரல், பொது இலக்கணத்தின் விதிகளுக்கு இயக்கி அடங்குகிறதா என்பதையும் தேர்ந்து கூறும். அதன்பின் அப்பகுதியின் பேணுநர் ஏற்று, பிரேசில் நாட்டு மௌரோ கர்வாலோ செகாப் நெடுங்காலமாகப் பேணிவரும் ஒளிப்படப் பிரிவின் தொகுப்பிற் சேர்ப்பர். இறுதியில் அது டோர்வால்ட்ஸின் கைக்குச் செல்லும். ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு வாரம் மட்டும் புதியனவற்றுக்கு வாயில் திறந்திருக்கும். எஞ்சிய ஏழெட்டு வாரங்கள் பிழை களைவதற்கே உரியவை.

எல்லாப் படைப்பும் ஏற்கப்படுவதில்லை என்பதற்கு ஒளிநாடாவை மாற்றும் கருவியே சான்று. ஈசிகேப் என்னும் பெயரில் மலிவான சிறு கருவி ஒன்று உலகெங்கும் விற்பனையாயிற்று. ஒளிநாடாப் பொறியின் வெளியீட்டை யுஎஸ்பி வழியே கணிப்பொறிக்குள் கொண்டுவருவது அது. அதற்கென எழுதப்பட்ட முதல் இயக்கி வேலை செய்தது. எனினும் பொது இலக்கணத்துக்கு முழுதும் இசையாமையால், வீட்டின் உள்ளே வராமல் திண்ணையிலேயே இருத்தப்பட்டது. அர்ஜென்டினா நாட்டு எசெக்கியேல் கார்சியா, எஸ்டிகே1160 என்னும் சில்லுடைய அக்கருவிகளுக்கு முறைப்படி புதிதாக ஓர் இயக்கி எழுதினார். 2012இல் அஃது ஏற்கப்பட்டது. திண்ணையில் இருந்தது நீக்கப்பட்டது. வேலை செய்வது ஒன்று; பிறர் படித்து, புரிந்து, பேணத்தக்கதாய் இருப்பது வேறு. இவ்வேறுபாட்டைக் காப்பதே அவையின் தொழில்.

ஏற்கப்படும் திருத்தம் ஒவ்வொன்றன் அடியிலும், இஃது எழுதியோர்க்குக் கொடுக்க உரிமையுள்ள பொருளே என உறுதிகூறும் ஒப்பக் குறிப்பு இருத்தல் வேண்டும். 2003இல் எஸ்சிஓ என்னும் நிறுவனம் லினக்ஸில் உள்ள நிரல் பற்றி வழக்குத் தொடுத்தது. அதன் விளைவாக 2004இல் இம்முறை வகுக்கப்பட்டது. எழுதியவர் ஒப்பத்தின் கீழ், அதனைக் கைமாற்றிய பேணுநர் ஒவ்வொருவர் ஒப்பமும் ஏறும். குருவும் மாணாக்கரும் வழிவழியாக ஏடு கைமாற்றியபோது இத்தகைய குறிப்பு எழுதி வைத்திருப்பின், இன்று ஆசிரியர் பெயரறியா நூல்கள் பல இரா.

அவையின் கடுமைக்கும் ஓர் எல்லை வேண்டும். வாதில் தோற்ற புலவரின் காதை அறுத்தார் வில்லிபுத்தூரார் என்பது கதை. உட்கருவின் அவையிலும் சுடுசொற்கள் பல வழங்கியதுண்டு. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்கு வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டே நடத்தை நெறியொன்றும் ஏற்கப்பட்டது. குற்றம் காண்பது நூலில், ஆசிரியரிடத்தன்று. இறைவன் பாட்டிலும் குற்றம் குற்றமே என நின்ற நக்கீரரைப் போற்றும் மரபு, அவர் பாட்டையே பழித்தார் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

மறைந்ததும் மீண்டதும்

அவையேறிய நூலெல்லாம் நிலைத்துவிடும் எனக் கருதுதல் தவறு. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டாவின்சி வகைச் சில்லுகளுக்குரிய படப்பிடிப்பு இயக்கி ஒன்று 2009இல் உட்கருவில் ஏற்கப்பட்டது. காலம் செல்லத் தட்டுகளை வரிசைப்படுத்தும் முறை புதிதாக வகுக்கப்பட்டது. அவ்வியக்கியைப் புதுமுறைக்கு மாற்றி எழுதுவார் இலராயினர். 2022இல் அது நீக்கத்தக்கவற்றின் வரிசையில் வைக்கப்பட்டது; மறு ஆண்டு நீக்கப்பட்டது. யாரும் அதனை வெறுக்கவில்லை. பேணுவார் இல்லை, அவ்வளவே.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. சோரான் நிறுவனச் சில்லுகள் கொண்ட பழைய அட்டைகள் ஒளிநாடாவைக் கணிப்பொறிக்கு மாற்றப் பயன்பட்டவை. அவற்றுக்குரிய இயக்கியும் இவ்வாறே பழமையுற்று நீக்கப்பட்டது. அட்டையைக் கைவசம் வைத்திருந்த ஒரு பொறியாளர் அதனை எடுத்து, புதுமுறைக்கு ஏற்பத் திருத்தி, 2020இல் மீண்டும் அவையேற்றினார். நீக்கப்பட்டதும் பழைய பதிப்புகளில் அப்படியே இருந்தமையால் அது கூடியது. மூலம் ஓரிடத்தில் இருக்குமாயின், வேண்டுவான் ஒருவன் தோன்றும்போது உயிர்பெறும்.

இதனைத் தமிழுலகுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவர் தேடிச் சென்றபோது ஏடுகள் எங்கோ ஒரு வீட்டுப் பரணில் எஞ்சியிருந்தன. எஞ்சாதவற்றின் கணக்கு யாருக்கும் தெரியாது. ஒரு குடும்பத்தின் பெட்டியுள் பூட்டப்பட்ட நூல், அப்பெட்டியைக் கரையான் அரித்த நாளில் முடிந்தது. படக்கருவி உலகிலும் பூட்டிய பெட்டிகள் உள. உணரியின் பதிவக விளக்கங்களைச் செய்வோர் பலர் மறையாகவே தருகின்றனர். பல இயக்கிகள் ஒரு நிறுவனத்தின் வாயிலுக்குள்ளேயே எழுதப்பட்டு, ஒரு பதிப்பு உட்கருவோடு மட்டும் பொருந்தி, அப்பொருள் விற்பனை நின்றதும் மறைகின்றன. கருவி பழுதின்றி இருக்கும். அதனோடு பேசும் மொழி இறந்திருக்கும்.

நிறைவுரை

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பினர். இருவர் கற்று வந்த தொழில் ஒரு வட்டாரத்தின் வாழ்வாயிற்று. வறண்ட மண்ணில் கைத்தொழிலை நம்பி எழுந்த ஊர்கள் இவை. இவ்வூர்ப் பெற்றோர் மருந்துக் கையோடு வீடு திரும்பி, தம் மக்கள் வேறு வேலைக்குச் செல்ல வேண்டும் என்றே விரும்புகின்றனர். அம்மக்களுள் கணிப்பொறி பயின்றோர் இன்று பலர்.

அவர்களுக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? உட்கருவின் மூலநிரல் பூட்டிய பெட்டியில் இல்லை. அதனைப் படிக்க யாரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. நுழைவுக் கட்டணம் இல்லை. விஸ்வநத்தத்துப் பிள்ளை ஒருவர் அனுப்பும் திருத்தமும் பெருநிறுவனத்துப் பொறியாளர் அனுப்பும் திருத்தமும் ஒரே வினாக்களையே எதிர்கொள்ளும். தடைகள் இல்லை என்பதன்று. அவையின் மொழி ஆங்கிலம். சோதித்துப் பார்க்கக் கருவி வேண்டும். பல மாதப் பொறுமை வேண்டும். பிறர் குற்றம் காணும்போது சினவாத உள்ளம் வேண்டும். முதல் மூன்றையும் கல்லூரியும் காசும் காலமும் தரலாம். நான்காவதைத் தரவல்லது இலக்கிய அவையே. தன் கவிதையைப் பத்துப்பேர் முன் படித்து, குறை கேட்டு, அடுத்த மாதம் திருத்திக்கொண்டு வந்தவர்க்கு அப்பயிற்சி முன்னரே கைவந்திருக்கும்.

ஓர் அவை பத்தாண்டு தொடர்ந்து கூடுவது சிறிய செயலன்று. ஆயினும் கூடியோர் பேசியவை எங்கே உள்ளன என்னும் வினா உண்டு. இத்தகைய அவைகளின் பேச்சுகளும் பாட்டுகளும் பல இடங்களில் நாடாக்களிலேயே தங்கிவிட்டன. அவற்றை மாற்றும் சிறு கருவி விலைக்குக் கிடைக்கிறது. அதற்குரிய இயக்கியை அர்ஜென்டினா நாட்டார் ஒருவர் எழுதிப் பொதுவில் வைத்துவிட்டார். தமிழ்நாட்டு ஒளிநாடாவை அவர் கண்டிருக்கமாட்டார். கண்டறியாதார்க்கும் பயன்படும்படி எழுதி, அவை ஒப்பப் பொதுவில் வைத்தார் என்பதே அவர் செய்த அறம். எஞ்சியது இங்குள்ளோர் கடன்: அலமாரியைத் திறந்து, நாடாவை எடுத்து, அது நலியுமுன் மாற்றிவைத்தல். அதனைச் செய்வதற்கு அறிஞர் பெருமக்கள் வேண்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும், கணிப்பொறி அறிந்த ஓர் இளைஞரும், நாடாவில் பாடுபவர் யார் எனக் கூறவல்ல ஒரு முதியவரும் போதும்.